பொருந்தும் ஒருவரைத் தேடி

இரத்தப் புற்றுநோய்க்கு மருந்துகள் மட்டும் போதா, எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்ய வேண்டும் என்று மருத்துவர் கூறும்போது, குடும்பத்தார் முதலில் செலவைப் பற்றித்தான் கேட்கின்றனர். மருத்துவரோ வேறொரு கேள்வி கேட்கிறார்: நோயாளிக்கு உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர்?

இக்கேள்விக்குக் காரணம் உண்டு. நம் உடலில் உட்கருவுள்ள உயிரணுக்கள் ஏறத்தாழ ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் எச்.எல்.ஏ. எனப்படும் புரத அடையாளங்கள் உள்ளன. இவற்றைக் கொண்டே நமது நோய் எதிர்ப்பு ஆற்றல் தன்னுடையது எது, அயலானது எது என்று பிரித்தறிகிறது. இதனைக் கண்டறிந்த பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசே 1980-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார். மஜ்ஜை மாற்றத்தில் பொருந்த வேண்டியது இந்த அடையாளமே அன்றி, நாம் நன்கறிந்த இரத்த வகை அன்று. இரத்த வகை வேறாக இருப்பினும் மாற்றம் செய்யலாம். அவ்வாறு செய்தபின் நோயாளியின் இரத்த வகையே நாளடைவில் கொடையாளருடையதாக மாறிவிடும்.

எச்.எல்.ஏ. அடையாளங்களில் ஒரு பாதி தாயிடமிருந்தும், மறுபாதி தந்தையிடமிருந்தும் வருகின்றன. ஆகவே ஓர் உடன்பிறந்தவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நூற்றுக்கு 25. நால்வர் இருந்தால் ஒருவர் கட்டாயம் பொருந்துவார் என்று சிலர் எண்ணுகின்றனர். கணக்கு அவ்வாறு அமைவதில்லை. நால்வர் இருந்தால் எவரேனும் ஒருவர் பொருந்தும் வாய்ப்பு நூற்றுக்கு 68; இருவர் என்றால் 44. நம் தாத்தா பாட்டியரின் காலத்தில் ஏழெட்டுப் பேர் பிறந்த குடும்பங்களுக்கு இருந்த வசதி, ஓரிரு குழந்தைகளுடன் நிறைவுறும் இன்றைய குடும்பங்களுக்கு இல்லை. அத்தை மகன், மாமன் மகள் என உறவுக்குள் மணம் முடிக்கும் தென்னிந்தியக் குடும்பங்களில் மட்டும் சில வேளை பெற்றோரிடமோ பிற உறவினரிடமோ முழுப் பொருத்தம் கிடைப்பதுண்டு. எனவே மருத்துவர் திருமண உறவுகளையும் விசாரித்தால் வாசகர்கள் தவறாக எண்ண வேண்டாம்.

வீட்டில் எவரும் பொருந்தாதபோது, முன்பின் அறியாத ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது. தம் சிறு மகனுக்காக ஷெர்லி நோலன் என்னும் தாய் 1974-இல் இலண்டனில் தொடங்கிய பதிவேடே இவ்வகையில் முன்னோடியாகும். மகன் ஆண்டனி உரிய கொடையாளர் கிடைக்காமலேயே 1979-இல் மறைந்தான். பதிவேடு அவன் பெயரால் இன்றும் இயங்குகிறது. இப்போது உலகெங்கும் உள்ள பதிவேடுகளில் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்துள்ளனர். அவர்களுள் இந்தியர் மிகச் சிலரே. சென்னையில் 2009-இல் தொடங்கப்பட்ட தாத்ரி போன்ற அமைப்புகள் இக்குறையைப் போக்க முயன்று வருகின்றன.

நான்கு கோடிப் பேர் போதாதா என்று கேட்கலாம். எச்.எல்.ஏ. அடையாளங்கள் மூதாதையர் வழி வருபவை. ஐரோப்பியர் நிறைந்த பதிவேட்டில் இந்தியருக்குப் பொருத்தம் அரிதாகவே கிடைக்கும். நூற்றாண்டுகளாகச் சமூகத்துக்குள்ளேயே மணம் முடித்து வந்த நம் நாட்டில், ஒரு சமூகத்தாரின் அடையாளம் அடுத்த சமூகத்தாரிடமிருந்தே வேறுபடக்கூடும். கேரளத்தைப் பூர்வீகமாகக் கொண்ட உளவியல் அறிஞர் நளினி அம்பாடி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். அவருக்காக நண்பர்களும் மாணவர்களும் பல நாடுகளில் கொடையாளர் தேடினர். பொருந்தும் கொடையாளர் அமையாமலேயே அவர் 2013 அக்டோபரில் இரத்தப் புற்றுநோயால் காலமானார்.

பதிவு செய்வது எளிது. 18 முதல் 50 வயது வரையிலான, உடல்நலமுள்ள எவரும் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் போதும். இரத்த வங்கியைப் போல எதுவும் எடுத்துச் சேமித்து வைக்கப்படுவதில்லை. அடையாளக் குறிப்பு மட்டுமே பதிவேட்டில் இருக்கும். அழைப்பு வராமலே பல ஆண்டுகள் கழியலாம்.

அழைப்பு வந்தால் என்ன நேரும்? இங்குதான் அச்சம் குறுக்கிடுகிறது. மஜ்ஜை என்றதும் முதுகுத் தண்டுவடத்தை நினைத்துக்கொள்வோர் நம்மிடையே மிகப் பலர். தண்டுவடத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. மஜ்ஜையாகவே எடுப்பதாயின், மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து எடுப்பர். இன்று பெரும்பாலும் அதுவும் தேவைப்படுவதில்லை. ஐந்து நாள் ஊசி மருந்து செலுத்தினால் ஸ்டெம் செல்கள் இரத்தத்தில் கலந்துவிடும். பின்னர் ஒரு கையிலிருந்து இரத்தத்தை எடுத்து, இயந்திரத்தின் வழியே அவற்றைப் பிரித்து, எஞ்சியதை மறு கை வழியாகத் திருப்பிச் செலுத்துவர். இதற்குச் சில மணி நேரம் ஆகும். அந்நாட்களில் எலும்பு வலியும் தலைவலியும் இருக்கக்கூடும் என்பதை மறைப்பதற்கில்லை. கொடுத்த ஸ்டெம் செல்களை உடல் சில வாரங்களில் ஈடுசெய்துவிடும்.

கொடையாளர் இறுதி நேரத்தில் பின்வாங்குவதே யாவற்றினும் கொடியது என்று கருதுகிறோம். மாற்றத்துக்கு முந்தைய நாட்களில் நோயாளியின் பழைய மஜ்ஜையைக் கடும் மருந்துகளால் அழித்துவிடுவர். அதன்பின் புதிய ஸ்டெம் செல்கள் வந்து சேராவிட்டால் அவர் உயிர் பிழைப்பது அரிது. பின்வாங்குவோரில் பலர் தாமாக மனம் மாறியவர்கள் அல்லர்; வீட்டாரின் கண்ணீருக்கு இணங்கியவர்கள். ஆகவே பதிவு செய்யும் நாளிலேயே பெற்றோரிடமும் வாழ்க்கைத் துணையிடமும் பேசி முடிவெடுப்பது நல்லது. மனமில்லையெனில் பதிவு செய்யாமல் இருப்பதில் குற்றம் ஏதும் இல்லை.

காத்திருக்க இயலாத நோயாளிகளுக்குப் பாதிப் பொருத்தமுள்ள தாய், தந்தை அல்லது பிள்ளையிடமிருந்து ஸ்டெம் செல் பெறும் முறையும் இன்று நம் நாட்டு மருத்துவமனைகளில் கையாளப்படுகிறது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1983-இல் இந்தியாவின் முதல் மஜ்ஜை மாற்றம் நடைபெற்றபோது இது எண்ணிப் பார்க்கவும் இயலாததாக இருந்தது.

செலவைப் பற்றியும் ஒரு சொல். இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றத்தை மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் ஏற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் நெறிப்படுத்தியது. ஆயினும் உச்சவரம்பும் கொடையாளரின் செலவும் பாலிசிக்குப் பாலிசி மாறுபடும். நோய் வருவதற்கு முன்பே அப்பக்கங்களைப் படித்து வைப்பது நன்று.

முன்பே பதிவு செய்துள்ள வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைப்பேசி எண் மாறியவுடன் வங்கிக் கிளைக்குத் தெரிவிக்கிறீர்கள், பதிவேட்டுக்குத் தெரிவித்தீர்களா? பொருத்தம் கண்டறிந்து அழைக்கும்போது, மறுமுனையில் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்ற குரல் கேட்குமானால், தேடல் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.