நிறுத்தியிருந்த காரில் இடித்துவிட்டீர்களா? நழுவாதீர்கள்

கல்யாண மண்டப வாசலிலும் அடுக்குமாடி வீடுகளின் பார்க்கிங்கிலும் அன்றாடம் நடப்பதுதான். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்ற காரின் பம்பரில் 'டொக்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்ப்பார்கள், அக்கம்பக்கம் பார்ப்பார்கள், யாரும் இல்லையென்றால் கிளம்பிவிடுவார்கள். கார்க்காரர் வந்துவிட்டாலோ கூச்சல், கூட்டம். கடைசியில் சில ஐந்நூறு ரூபாய்த் தாள்களை அவர் கையில் திணித்துவிட்டுப் போவார்கள். நழுவுவதும் தவறு, எழுத்தில்லாமல் பணம் கொடுப்பதும் தவறு. இரண்டுமே பின்னால் வம்பை இழுத்து வருகின்றன.

'கீறல்தானே, இதற்கெல்லாம் சட்டமா?' என்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 134-ஆவது பிரிவு, ஆளுக்குக் காயம் பட்டால் மட்டும் பொருந்துவதல்ல. பிறர் சொத்துக்குச் சேதம் நேர்ந்தாலும் பொருந்தும். போலீஸ்காரர் அங்கே இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஓட்டியவர் தகவல் சொல்ல வேண்டும். தன் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் 187-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தெரியாமல் இடித்தது விபத்து. இடித்துவிட்டு ஓடுவது நீங்களாகத் தேடிக்கொள்ளும் குற்றம். கேமரா இல்லாத தெரு இப்போது எங்கே இருக்கிறது?

உரிமையாளர் அங்கே இல்லையென்றால் முதலில் படம் எடுங்கள்: இரண்டு வண்டிகளின் நம்பர் பிளேட், அடிபட்ட இடம், வண்டிகள் நின்ற நிலை. வாட்ச்மேனிடமோ கடைக்காரரிடமோ விசாரியுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் ஒரு தாளில் தேதி, நேரம், உங்கள் பெயர், செல்போன் எண், வண்டி எண், 'என் வண்டி உங்கள் காரின் இடது பின் பம்பரில் பட்டுவிட்டது' என்ற ஒரு வரி, இவ்வளவையும் எழுதி, பிளாஸ்டிக் கவரில் போட்டு வைப்பருக்கு அடியில் செருகுங்கள். அதையும் படம் எடுத்துவிட்டு, காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.

அந்தத் தாளில் 'முழுத் தவறும் என்னுடையது, எவ்வளவு ஆனாலும் தருகிறேன்' என்று உருகி எழுத வேண்டாம். நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்கவோ பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது என்பது வழக்கமான மோட்டார் பாலிசியின் நிபந்தனை. அந்தப் பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை.

ஆகவே இன்சூரன்ஸா, சொந்தப் பணமா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். கார் பாலிசியில் பிறர் சொத்துச் சேதத்துக்குப் பொதுவாக 7.5 லட்சம் ரூபாய் வரையும், இரு சக்கர வாகன பாலிசியில் 1 லட்சம் வரையும் பாதுகாப்பு உண்டு. பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க அதை 6,000 ரூபாயாகக் குறைத்து வாங்கியிருந்தால் மீதி உங்கள் பாடு.

சிறு சேதத்துக்குச் சொந்தப் பணம் தருவதே நடைமுறையில் எளிது. ஆனால் எழுத்தில், எழுத்தில், எழுத்தில். இரண்டு வண்டி எண்கள், தேதி, இடம், எந்தப் பாகத்தில் என்ன சேதம், எவ்வளவு பணம், 'இந்தச் சேதம் தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி, இருவர் கையெழுத்து. ஆளுக்கொரு நகல். பணத்தை ஜிபே போன்ற வழியில் அனுப்பினால் அதுவே சாட்சி. கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து 'உள்ளே பிராக்கெட் உடைந்திருக்கிறது' என்று போன் வரும்போது புலம்பிப் பயனில்லை.

அடி வாங்கிய காரின் சொந்தக்காரருக்கும் இதையே மறுபக்கமிருந்து சொல்கிறேன்: பம்பரைக் கழற்றிப் பார்க்கும் முன் கையெழுத்துப் போடாதீர்கள். கீறல் வெளியே, உடைசல் உள்ளே என்பது டிங்கரிங் கடைக்காரர் எல்லோருக்கும் தெரியும். சென்சார் உள்ள பம்பர் என்றால் செலவே வேறு.

இடித்தவர் ஓடிவிட்டாரா? அன்றைக்கே சிசிடிவி பதிவைக் கேட்டு வாங்குங்கள். சில நாட்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். வண்டி எண் கிடைத்தால் எம்பரிவாகன் செயலியில் அதன் இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கலாம். அடுத்து காவல் நிலையம். 'இதுக்கெல்லாம் கேஸா சார், பேசி முடிச்சுக்கங்க' என்பார்கள். கட்டப்பஞ்சாயத்து செய்ய நேரம் இருக்கும், ஒரு ரசீது எழுத மட்டும் நேரம் இருக்காது. விடாதீர்கள். ஆளுக்குக் காயமில்லாத சிறு சேதத்துக்கு எஃப்.ஐ.ஆர். போடத் தயங்குவார்கள் என்றாலும், புகார் மனுவைக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். ரசீது இல்லாத புகார், கொடுக்காத புகார்.

உங்கள் சொந்த பாலிசியில் க்ளைம் செய்வதானால், சர்வேயர் பார்க்கும் முன் வண்டியைச் சரிசெய்யக் கூடாது. இதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். 1,500 சிசி வரையுள்ள காருக்கு முதல் 1,000 ரூபாய், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாய் எப்படியும் உங்கள் கைப்பணம். க்ளைம் செய்தால் 20 முதல் 50 சதவீதம் வரையிலான நோ க்ளைம் போனசும் பொதுவாகப் போய்விடும். ஒரு பம்பர் பெயின்ட்டுக்காக 50 சதவீத போனசை இழப்பவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

இடித்தவர் யாரென்று தெரிந்தும் தர மறுத்தால் மோட்டார் விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னையில் அது சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இயங்குகிறது. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். ஆறு மாதம், மறக்காதீர்கள். 'பார்க்கலாம், தருகிறேன்' என்று இழுத்தடிப்பவர்கள் அதைத்தான் கடத்துகிறார்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். உதவி எண் 15100.