உள் பேட் மட்டும் ஏன் தேய்ந்தது?

வாசலில் ஒரு பட்டறை – 9

சென்ற வாரம் ஜாக்கியோடு நிறுத்தியிருந்தோம். ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்ட் தாங்குவதற்கு. ஸ்டாண்ட் வைக்காத வண்டிக்குக் கீழே கையைக்கூட நீட்டக் கூடாது. அதை மனதில் வைத்துக்கொண்டு இந்த வாரம் முன் பிரேக்கைத் திறப்போம்.

வண்டி, நண்பர் ஒருவரின் 2008 ஸ்கார்ப்பியோ. 2002-ல் அறிமுகமான அந்த முதல் தலைமுறை வண்டிகள் இன்றும் நம் ஊர்களில் மூட்டையும் ஆளும் ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பொலேரோ, குவாலிஸ் வைத்திருப்பவர்களுக்கும் இன்றைய வேலையில் பெரும்பகுதி பொருந்தும்.

நண்பரின் புகார் இது: "பிரேக் மிதிச்சா வண்டி வலது பக்கம் இழுக்குது. பேட் மாத்தி வருஷம்கூட முழுசா ஆகல." வலது பக்கம் இழுத்தால் வலது பிரேக்கைத்தான் சந்தேகிக்கத் தோன்றும். ஆனால் ஒழுங்காகப் பிடிக்கிற பக்கத்துக்குத்தான் வண்டி இழுபடும். பிடிக்காத பக்கம் இடது. அதை முதலில் கழற்றினோம்.

சமதரை, ஹேண்ட் பிரேக், பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கிவிட்டுத் தூக்க வேண்டும். சக்கரம் வெளியே வந்ததும் ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக ஒடித்தால் காலிப்பரின் பின்புறம் கைக்கு எட்டும். அங்கே அப்பியிருக்கும் கறுப்புத் தூளை ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி காலிப்பர். இந்த வண்டியில் அதன் உட்பக்கத்தில் மட்டும் இரண்டு பிஸ்டன்கள் இருக்கின்றன. வெளிப்பக்கத்தில் பிஸ்டனே கிடையாது. அப்படியானால் வெளி பேட் எப்படி டிஸ்க்கைப் பிடிக்கிறது? பெடலை மிதித்ததும் பிஸ்டன்கள் உள் பேடைத் தள்ளுகின்றன. அது டிஸ்க்கில் முட்டி நின்றதும், அந்த எதிர்விசையில் காலிப்பரே உள்பக்கமாக நகர்ந்து வெளி பேடை இழுத்து வந்து அழுத்துகிறது. இப்படி நகர்வதற்காகத்தான் காலிப்பர் இரண்டு ஸ்லைடிங் பின்கள் மேல் உட்கார்ந்திருக்கிறது. விரல் தடிமன் உள்ள அந்த இரண்டு கம்பிகளும் வழுக்கினால்தான் வண்டிக்கு முழு பிரேக்.

நண்பர் வண்டியில் பேட்களை வெளியே எடுத்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. வெளி பேடில் பாதிக்கு மேல் மிச்சம். உள் பேட் இரும்புத் தகடு தெரிகிற அளவுக்குப் போயிருந்தது. கீழ்ப் பின் அசையவே இல்லை. ரப்பர் பூட் கிழிந்து, உள்ளே தண்ணீர் புகுந்து, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துரு. பேட் மாற்றிக் கொடுத்த பட்டறையில் அந்தப் பின்னை வெளியே எடுத்தே பார்க்கவில்லை. பழையதை உருவி, புதியதைச் செருகி, பில் போட்டிருக்கிறார்கள். பேட் மாற்றம் என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது இவ்வளவுதான். இந்த வேலையை ஒருமுறையாவது உங்கள் கையால் செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவது கூலியை மிச்சம் பிடிக்க அல்ல, பின்னை வெளியே எடுத்துப் பார்க்கத்தான்.

ஆகவே கழற்றிய பேட்களை உடனே குப்பையில் போடாதீர்கள். உள், வெளி, இடது, வலது என்று எழுதி நான்கையும் வரிசையாகத் தரையில் வையுங்கள். உள் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் முதலில் பின்களைப் பாருங்கள், அடுத்து பிஸ்டனை. ஒரே பேட் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருந்தால், ஒரு பின் மட்டும் இறுகியிருக்கலாம், அல்லது பேட் அதன் தாங்கியில் துருவால் சிக்கியிருக்கலாம். ஒரு சக்கரத்தின் இரண்டு பேடும் தேய்ந்து எதிர்ச் சக்கரத்தில் அப்படியே இருந்தால் ரப்பர் ஹோஸையும் சந்தேகியுங்கள். வயதான ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்சுவர் வீங்கி வழியை அடைத்திருக்கும். மிதிக்கும் விசையில் ஆயில் உள்ளே போய்விடும், காலை எடுத்ததும் திரும்பி வராது. அந்தச் சக்கரம் எப்போதும் பிடித்தபடியே ஓடும். பதினைந்து வருடம் கடந்த வண்டியில் ஹோஸை மாற்றிவிடுவதே நல்லது என்பது என் எண்ணம்.

டிஸ்க்கையும் அளக்க வேண்டும். குறைந்தபட்சத் தடிமன் பொதுவாக டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். துருவைத் துடைத்தால் எழுத்து தெரியும். விளிம்பில் தேயாத வரப்பு இருக்கும், அதை விட்டு உள்ளே மைக்ரோமீட்டர் வைத்து நாலைந்து இடங்களில் அளக்க வேண்டும். பெடல் அதிர்ந்தால் 'டிஸ்க் வளைஞ்சிருச்சு' என்பார்கள். பெரும்பாலும் வளைவதில்லை, தடிமன்தான் இடத்துக்கு இடம் நூலளவு மாறியிருக்கும். சில வண்டிகளில் டிஸ்க்கைக் கழற்ற ஹப்பையும் வீல் பேரிங்கையும் அவிழ்க்க வேண்டும். பேரிங் இறுக்கம் கைப்பழக்கம் சார்ந்தது, அதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.

புதிய பேட் தடிமனாக இருக்கும், அதற்கு இடம் கொடுக்க பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பழைய பேடை பிஸ்டன்கள் மேல் வைத்து சி-கிளாம்பால் மெதுவாக இறுக்குங்கள். இரட்டைப் பிஸ்டன் என்பதால் ஒன்றை மட்டும் அழுத்தினால் மற்றது வெளியே வரும், இரண்டும் சேர்ந்து போக வேண்டும். போகும்போது மேலே ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். வழிந்தால் பெயின்ட் கெடும், சிந்திய இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டி வையுங்கள்.

பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. சாதாரண ஓ-ரிங் போல வட்ட வெட்டு இல்லை, சதுர வெட்டு. ஆயில் கசியாமல் காப்பதோடு இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. பிஸ்டன் முன்னே போகும்போது சீல் அதோடு சற்றே சாய்கிறது. அழுத்தம் போனதும் நிமிர்ந்து, பிஸ்டனை மில்லிமீட்டரில் ஒரு சிறு பகுதி அளவுக்குப் பின்னே இழுக்கிறது. பேட் தேயத் தேய பிஸ்டன் சீலைக் கடந்து முன்னே நகர்ந்து புதிய இடத்தில் நின்றுகொள்கிறது. அதனால்தான் டிஸ்க் பிரேக்கை நாம் அட்ஜஸ்ட் செய்ய வேண்டியதில்லை. ஸ்பிரிங் இல்லை, நெம்புகோல் இல்லை, ஒரு ரப்பர் வளையத்தின் வடிவம் அத்தனையையும் செய்கிறது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

இந்த ரப்பருக்குப் பகை பெட்ரோலிய எண்ணெய். பின்களுக்குச் சாதாரண சேசிஸ் கிரீஸ் போட்டால் பூட்கள் ஊதிப்போகும், பின் மறுபடி இறுகும். பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ்தான் வேண்டும். பின்னை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, துருக் குழி விழுந்திருந்தால் மாற்றி, புதிய பூட் போட்டு, மெல்லிய பூச்சாக கிரீஸ் தடவுங்கள். இரண்டு விரலால் தள்ளினால் பின் போய்வர வேண்டும். பேட் முகத்திலும் டிஸ்க்கிலும் துளி கிரீஸ் படக் கூடாது.

பேட் வாங்கும்போது விலை மலிவைப் பார்த்து மயங்க வேண்டாம். 1962-ல் பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவிலிருந்து ரானே, சுந்தரம் வரை, நாடு முழுக்க ஓடும் வண்டிகளுக்குப் பிரேக் பாகங்கள் செய்து அனுப்பும் ஊர் சென்னை. அதே சென்னையின் ஜி.பி. ரோட்டில் போய் நின்றுகொண்டு, பெயர் தெரியாத பெட்டியைக் கையில் எடுப்பது எனக்கு வருத்தம் தருகிறது. போலி பேடில் லைனிங் தகட்டிலிருந்து பெயர்ந்து வரும். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது.

ஆயிலைப் பற்றிச் சொல்லாமல் இந்த வாரம் முடியாது. இரண்டு டன் எடையுள்ள வண்டி 80 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கும்போது எழும் வெப்பம், ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். நிறுத்தும்போது எடை முன்னால் சாய்வதால் அதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கு. அதே வண்டி ஆயிரம் மீட்டர் மலை இறங்கினால், அப்படி நாற்பது முறை நின்றதற்குச் சமமான சக்தியை எங்காவது கரைத்தாக வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கல்லட்டியின் 36 வளைவுகளையும் குறைந்த கியரில் இறங்கச் சொல்வது இதனால்தான். எஞ்சின் தாங்காத பங்கு முழுவதும் பிரேக்கின் தலையில் விழும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு விதி கேட்பது 155 டிகிரிதான். டாட் 3-க்கு இவை 205, 140. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி, குமிழி அமுங்கும், பெடல் தரை தொடும். புது பேட் போட்டும் மலையில் பிரேக் போன வண்டிகளில் இதுவும் ஒரு காரணம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். டப்பா மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில், இதோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 வேறு, அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

எல்லாம் பூட்டிய பிறகு, காலிப்பர் போல்ட்டுகளையும் வீல் நட்டுகளையும் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, வண்டியை நகர்த்தும் முன் பெடலை மிதித்து மிதித்து விடுங்கள். பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் சில மிதிக்குப் பெடல் காற்றில் போவது போல் போகும். கெட்டியான பிறகே கியர். இதை மறந்து எதிர்ச் சுவரில் மோதியவர்கள் உண்டு. கெட்டியாகவே இல்லை என்றால் லைனில் காற்று இருக்கிறது, ஏர் எடுக்காமல் வண்டியைத் தெருவுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பிறகு காலியான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து பத்துக்கு இறங்கும்படி நிதானமாகப் பலமுறை மிதியுங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம். இடையிடையே ஆறவிடுங்கள். பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கில் சமமாகப் படிய இது தேவை. நண்பரின் வண்டி இப்போது நேராக நிற்கிறது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி சரிபார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

(அடுத்த வாரம்: பின் டிரம்மும் ஹேண்ட் பிரேக் கேபிளும்)