பயணப்படியில் சேராத செலவு

வங்கித் தணிக்கைக்காக மூன்று நாள் மதுரை, தீபத் திருவிழா பந்தோபஸ்துக்காகத் திருவண்ணாமலை என்று, கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வெளியூர் வேலைக்குப் போகும் பெண்கள் இன்று பல துறைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சட்டம் என்ன தருகிறது என்று பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சுகிறது. 1961-இல் வந்து 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு தந்தது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்டுவதற்கு நாளுக்கு இரண்டு இடைவேளை தந்தது. ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் அங்கே நாளுக்கு நான்கு முறை போய்வரலாம் என்றது. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இவற்றை எடுத்துக்கொண்டது. எல்லாமே போராடிப் பெற்ற நல்ல உரிமைகள். ஆனால் குழந்தை கூப்பிடு தூரத்தில் இருக்கும், தாய் சாயங்காலம் வீடு திரும்பிவிடுவாள் என்ற நினைப்பில்தான் ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருக்கிறது. வெளியூர் போகச் சொல்லி உத்தரவு வரும் நாளில் இவற்றில் ஒன்றும் அவளுக்குக் கைகொடுப்பதில்லை.

குழந்தை பக்கத்தில் இல்லை என்பது மார்புக்குத் தெரியாது. எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும். எடுக்காமல் தேங்கவிட்டால், தேங்கிய பாலே சுரப்பைக் குறைத்துவிடும். சில மணி நேரம் தவறினாலே பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகக் கனக்கும். கவனிக்காமல் விட்டால் வீங்கிச் சிவந்து காய்ச்சலில் கொண்டுபோய் விடும், சிலருக்குச் சீழ்கூட வைக்கும். ஆகவே, “இரண்டு நாள்தானே, பால் பவுடர் கொடுத்தால் போதாதா?” என்ற கேள்வி பாதி உண்மையைத்தான் பார்க்கிறது. ஆறு மாதம் தாண்டி, சோறும் பருப்பும் மசித்துச் சாப்பிடத் தொடங்கிய குழந்தை இரண்டு நாளைச் சமாளித்துவிடும். தாயின் உடம்புக்கு அந்த வசதி இல்லை. குழந்தை வீட்டில் எதைக் குடித்தாலும், அவள் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பாலைப் பீய்ச்சி எடுத்தே ஆக வேண்டும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் 26 வாரத்தில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொண்ட பெண்ணுக்கு மிச்சம் பதினெட்டு வாரம். அவள் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நான்கு மாதம்தான், தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் தொடங்கியிருக்காது. அப்போதே வெளியூர்ப் பணி வந்தால், பலருக்கு அது பாலை மறக்கடிக்கும் உத்தரவாகவே முடிகிறது.

இத்தனைக்கும் வெளியூரில் பால் எடுக்கத் தேவைப்படுபவை பெரிய வசதிகள் அல்ல. தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, மின்சார பம்ப் செருக ஒரு பிளக், கை கழுவத் தண்ணீர், இருபது முப்பது நிமிடம், ஒரு ஃபிரிட்ஜ். எடுத்த பால் 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் அந்தக் கணக்கை நம்ப முடியாது. ஃபிரிட்ஜில் நான்கு நாள், ஐஸ் பேக் வைத்த குளிர்ப்பெட்டியில் ஒரு நாள் இருக்கும். அதாவது ஃபிரிட்ஜ் உள்ள விடுதி அறையும் ஒரு குளிர்ப்பெட்டியும் கிடைத்தால், இரண்டு மூன்று நாள் பயணத்தில் எடுத்த பாலைப் பெரும்பாலும் வீணாக்காமல் வீடு கொண்டுவந்து சேர்க்கலாம். நடப்பது வேறு. ஸ்லீப்பர் பெட்டியில் பம்ப் வைத்துக்கொள்ளக் கதவு சாத்திய இடம் என்றால் கழிவறைதான். பிள்ளைக்குக் கொடுக்கும் உணவை அங்கே நின்று எடுக்கச் சொல்வது அவமானம், ஆரோக்கியக் கேடும்கூட. தமிழகப் பேருந்து நிலையங்களில் 2015 ஆகஸ்டில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நாட்டுக்கே முன்மாதிரியான நல்ல காரியம். ஆனாலும் அவை குழந்தையோடு வரும் தாயை மனத்தில் வைத்துத் திறக்கப்பட்டவை. பம்ப்போடு தனியே வரும் தாய்க்கு மேசையும் பிளக்கும் வேண்டும். பிரிட்டன், அமெரிக்க விமான நிலையங்களில் குழந்தை கூட இல்லாவிட்டாலும் தாய் 100 மில்லிக்கு மேற்பட்ட தாய்ப்பாலைக் கைப்பையில் கொண்டுபோகலாம். குழந்தையைப் பிரிந்து பயணம் செய்பவளும் பாலூட்டும் தாய்தான் என்பதை அந்த விதி ஒப்புக்கொள்கிறது.

குழந்தையைக் கூடவே அழைத்துப்போக அனுமதித்துவிட்டால் போதுமா? 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் இது உலகமே பார்க்க நடந்தது. கொரோனா கட்டுப்பாட்டால் குடும்பத்தாருக்கு அனுமதி இல்லை என்றபோது, கனடா கூடைப்பந்து வீராங்கனை கிம் கோஷே தன் கைக்குழந்தைக்காகப் பகிரங்கமாக முறையிட்டார். கடைசி நேரத்தில் பால்குடிக் குழந்தைகளுக்கு வழி விட்டார்கள். ஸ்பெயின் நீச்சல் வீராங்கனை ஓனா கார்போனெலுக்கும் அனுமதி இருந்தது. ஆனால் குழந்தையும் தந்தையும் வேறொரு விடுதியில் அடைந்து கிடக்க வேண்டும், பால் கொடுக்க அவர் ஒவ்வொரு முறையும் அங்கே போய்வர வேண்டும் என்றார்கள். அது நடக்காத காரியம் என்று குழந்தையை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனார். ஏற்பாடு இல்லாத அனுமதியால் பயனில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

“இவ்வளவு சிரமம் எதற்கு, பாலூட்டும் தாய்மார்களை வெளியூர் அனுப்பாமல் இருந்துவிடலாமே?” என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள் உண்டு. வேண்டாம் என்று கேட்பவருக்கு அந்த விலக்கைத் தரத்தான் வேண்டும். மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும் பெண் காவலர்கள் பெற்றோரோ கணவர் வீட்டாரோ இருக்கும் மாவட்டத்திலேயே மூன்றாண்டு பணியாற்றலாம் என்று 2024-இல் தமிழக முதல்வர் அறிவித்தது வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் அவளைக் கேட்காமலே பட்டியலிலிருந்து பெயரை எடுப்பது தண்டனைக்குச் சமம். பயிற்சி, ஆய்வு, பெரிய வாடிக்கையாளர் சந்திப்பு எல்லாம் பயணத்தோடுதான் வருகின்றன. அடுத்த பதவி உயர்வில் அந்த அனுபவத்தைத்தான் எடைபோடுகிறார்கள். போவதா இருப்பதா என்பதை அவளிடம் விட்டுவிட வேண்டும். போகிறேன் என்றால் அதற்கான செலவை அலுவலகம் ஏற்க வேண்டும்.

செலவு என்றதும் எழும் ஆட்சேபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராத ஊழியரின் மகப்பேறுக் காலச் சம்பளம் முழுவதும் முதலாளியின் தலையில் விழுகிறது. இன்னும் சுமை ஏற்றினால் பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்குவார்கள் என்ற பயம் நியாயமானது. ஆனால் இங்கே கேட்பது எவ்வளவு? ஃபிரிட்ஜ் உள்ள அறை, ஒரு குளிர்ப்பெட்டி, நிகழ்ச்சி நிரலில் இரண்டு மூன்று இடைவேளை. குழந்தையை அழைத்துப்போவதானால் உடன் வரும் பாட்டிக்கோ அப்பாவுக்கோ ஒரு டிக்கெட். ரயிலில் தனிப் படுக்கை கேட்காத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணமே கிடையாது. பல மாதம் வேலை பழகிய ஒருவர் ராஜினாமா செய்தால், அவர் இடத்துக்கு இன்னொருவரைத் தேடிப் பழக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது அற்பம். அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனம், வெளியூரில் இருக்கும் ஊழியர் எடுத்த பாலைக் குளிரூட்டி வீட்டுக்கு அனுப்பும் செலவையே ஏற்றுக்கொள்வதாக 2015-இல் அறிவித்தது. ஊழியரை இழக்காமல் இருப்பதில் லாபம் கண்டதால்தான் இது. டாக்ஸிக்கும் சாப்பாட்டுக்கும் ரசீது வாங்கிக்கொண்டு பணம் தரும் அலுவலகம், ஐஸ் பேக்குக்கான ரசீதை மட்டும் சொந்தச் செலவு என்று திருப்பி அனுப்புவதில் நியாயமில்லை.

பாலூட்டும் இடைவேளையைச் சம்பளத்தோடு கூடிய வேலை நேரமாகக் கணக்கிடச் சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 183-ஆம் உடன்படிக்கை 2000-இல் வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. அது நடக்கும்போது நடக்கட்டும். பயணப்படி விதிகளைத் திருத்த அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மத்திய அரசு ஊழியரின் சம்பளத்தையும் படிகளையும் ஆராய எட்டாவது ஊதியக் குழு அமைக்கப்பட்டிருக்கிறது. குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை, தாயின் அலுவல் பயணத்தில் பால் எடுக்கவும் பாதுகாக்கவும் ஆகும் செலவும், குழந்தையோடு வரும் ஒருவரின் டிக்கெட்டும் பயணப்படியில் சேர வேண்டும் என்று ஊழியர் சங்கங்கள் அந்தக் குழுவிடம் எழுத்தில் கேட்க வேண்டும். மத்திய அரசு செய்தால் மாநிலங்களிடமும் தனியாரிடமும் கேட்க ஒரு பிடி கிடைக்கும். சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்களே, அந்த மனுவில் இந்தக் கோரிக்கையையும் எழுதுங்கள்.