ஸ்பேஸ் மரீனுக்கு என்ன கலர் அடிக்கலாம்?

நான் முதன்முதலா பெயிண்ட் அடிச்ச ஸ்பேஸ் மரீனை ஆச்சி கையில கொடுத்தேன். கண்ணாடியை ஏத்திவிட்டுப் பார்த்துட்டு, "என்னலே இது, கரிக்கட்டை மாதிரி இருக்கு?" என்றாங்க. மூணு சாயங்கால உழைப்பு! அடர் நீலம், அடர் பச்சை, துப்பாக்கிக்குக் கருப்பு. டேபிள் லேம்ப் கீழே அட்டகாசமா இருந்தது. ஒரு கை தூரத்துல வச்சா உருவமே தெரியல.

இந்த விளையாட்டு தெரியாதவங்களுக்கு: வார்ஹாமர் 40,000 என்பது இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1987-ல் வெளியிட்ட எதிர்கால யுத்த விளையாட்டு. வீரர்களை நீங்களே ஒட்டி, பெயிண்ட் அடிச்சு, மேஜை மேல படையா நிறுத்தி, அளவு டேப்பும் பகடையும் வச்சு ஆடணும். ஒரு வீரன் ஏறக்குறைய 3 செ.மீ. உயரம்.

சிக்கலே அந்த 3 செ.மீ.தான். கோயில் சிலைக்கு வெயிலே நிழல் போட்டுக் கொடுத்துடும். இவ்வளவு சின்ன பொம்மையில கவசத்தோட பள்ளம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதுல விழற நிழல் கண்ணுக்கு எட்டாது. அதனால நிழலையும் வெளிச்சத்தையும் நாமதான் பெயிண்ட்ல போடணும்.

எங்க ஊர் கல்லிடைக்குறிச்சியிலிருந்து தாமிரபரணியைத் தாண்டினா அம்பாசமுத்திரம். சொப்புச் சாமானுக்குப் பேர் போன ஊர். கடைசல்ல மரம் சுத்தும்போதே கலர் அரக்கை வச்சு அழுத்துவாங்க. உராயற சூட்டுல அரக்கு உருகி மரத்துல பிடிச்சுக்கும். கட்டைவிரல் உயரக் குடத்துல அடர் சிவப்பை ஒட்டியே பளிச்சுனு ஒரு மஞ்சள் வளையம் ஓடும். அறையோட அந்தக் கோடியில இருந்து பார்த்தாலும் அது குடம்னு தெரியும். ஆச்சி மர பீரோவுல இருக்கிற சொப்பைப் பார்த்தப்போதான் என் தப்பு புரிஞ்சது. நான் எடுத்தது மூணு வேற நிறம். ஆனா மூணுமே ஒரே அளவு இருட்டு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி கலர்களை ஒரு அட்டையில பக்கத்துப் பக்கத்துல தீட்டி, போன்ல கருப்பு-வெள்ளை போட்டோ எடுங்க. ரெண்டு கட்டம் ஒரே சாம்பலா வந்தா அந்த ஜோடி வேண்டாம். நல்ல சிவப்பும் நடுத்தரப் பச்சையும் இப்படி அடிக்கடி ஏமாத்தும்.

அப்புறம் எத்தனை கலர்? உடம்புல முக்கால்வாசிக்கு ஒண்ணு, அதுக்குத் துணையா ஒண்ணு, கண்ணை இழுக்க ஒரு பொட்டு. பிளட் ஏஞ்சல்ஸ் படையைப் பாருங்க: சிவப்புக் கவசம், கண்ணுல மட்டும் பச்சை. அந்தப் பச்சை கவசம் முழுக்கப் பரவியிருந்தா முகத்தை யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. என் இரண்டாவது படைக்கு நாத்துப் பச்சைக் கவசம், அடர் பழுப்பு பெல்ட், தோள்பட்டைக்குப் பொரிக்காத அப்பளத்தோட கலர். கல்லிடைக்குறிச்சிக்காரன் வேற என்ன செய்வான்?

பெயிண்ட் வாங்கும்போது தண்ணியில கரையற அக்ரிலிக் போதும், எனாமல் வேண்டாம். ஆனா துணிக்கு அடிக்கிற அக்ரிலிக்கைத் தொடாதீங்க. துணி மடங்கணும்னு அதைக் காய்ஞ்சாலும் ரப்பர் மாதிரி இருக்கும்படி செஞ்சிருப்பாங்க; என் மரீன் ஒருத்தனோட முழங்கால்ல இருந்து தோலா உரிஞ்சு வந்தது. ஸ்டேஷனரி கடை அக்ரிலிக்ல நிறத்தூள் கொஞ்சம் கொரகொரப்பு, இந்த அளவுல அது தெரியும். காசு கம்மின்னா காலடித் தட்டுக்கும் மேஜையில வைக்கிற பாறைக்கும் அதை வச்சுக்கோங்க. சிட்டாடல், வாயேஹோ மாதிரி மினியேச்சர் பெயிண்ட்ல வெள்ளை, மஞ்சள், உங்க படையோட முக்கிய நிறம், இந்த மூணை மட்டும் வாங்குங்க. மஞ்சள் ஏன்னா, அது பலவீனமான நிறம், அடியில இருக்கிறதை மறைக்காது. கருப்பு மேல நேரா அடிச்சா அழுக்குப் பச்சையா வரும். முதல்ல இளம் பழுப்போ ரோஸோ அடிச்சு, அதுக்கு மேல மஞ்சள்.

எதுவா இருந்தாலும் பால் பதத்துக்குத் தண்ணி விட்டு ரெண்டு கோட். கெட்டியா ஒரே கோட் அடிச்சா முகத்துல மூக்கே காணாமப் போயிடும்.

நிழல் போட ரெண்டு வேலை. கருப்பு பிரைமர் காய்ஞ்சதும், நேரா மேல இருந்து மட்டும் வெள்ளை ஸ்ப்ரே. உச்சி வெயில் எங்கெல்லாம் படுமோ அங்கெல்லாம் வெள்ளை நிக்கும். மெல்லிசா கலர் அடிச்சா மேடு பள்ளம் அப்படியே தெரியும். கடைசியா, தண்ணியா இருக்கிற அடர் பழுப்பு வாஷை மேல தடவினா அதுவே பள்ளத்துல போய்த் தங்கிக்கும்.

மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்கிற நாளை மட்டும் பார்த்து எடுங்க. மலையில இருந்து சாரல் இறங்கற ஆடி மாசத்துல மொட்டை மாடிக்குப் போய் அடிச்சேன். காத்துல இருந்த ஈரத்துல அஞ்சு பேர் மேலயும் விபூதி பூசின மாதிரி வெள்ளை படிஞ்சிடுச்சு. ரெண்டு பேரைக் காப்பாத்தினேன், வெயில் வந்த பிறகு பளபளப்பு வார்னிஷைப் பிரஷ்ல தடவி. மத்த மூணு பேர் இப்பவும் ஆச்சி பீரோவுல, சொப்புக் குடத்துக்குப் பக்கத்துல நிக்கிறாங்க.