கொடுத்தவர்க்கும் உரிமை உண்டு

ஈகையைப் போற்றாத சமயமும் இல்லை, இலக்கியமும் இல்லை. வள்ளுவப் பெருந்தகை ஈகைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். இஸ்லாம் ஜகாத்தை ஐம்பெருங் கடமைகளுள் ஒன்றாக்கியது. எனினும், 'கொடுத்தபின் கணக்குக் கேட்பது அறமாகுமா?' என்னும் தயக்கம் நம்மிடையே இன்றும் உள்ளது. கொடுத்தவர் எதனை எதிர்பார்க்கலாம், எதனை எதிர்பார்த்தல் ஆகாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஆகாதவற்றைக் காண்போம். கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவதும் பெற்றவரைப் புண்படுத்துவதும் தருமத்தையே பாழாக்கிவிடும் எனத் திருக்குர்ஆன் (2:264) எச்சரிக்கின்றது. புகழையும் பதவியையும் கொடைக்கு விலையாகக் கேட்பவர் கொடையாளர் அல்லர், வணிகரே ஆவர். ஏழையர்க்கு மறைவாக ஈவதே மேலானது என்றும் திருமறை (2:271) கூறுவதால், தம் பெயரை வெளியிட வேண்டா எனக் கேட்கும் உரிமை கொடையாளர்க்கு உண்டு.

கொடுத்த பொருள் குறித்த நோக்கத்திற்கே செலவாதல் வேண்டும் என்பது அடுத்த உரிமை. கைபரில் கிடைத்த நிலத்தைக் குறித்து உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, நிலத்தை நிறுத்திவைத்து அதன் விளைவை அறம் செய்யுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அந்நிலத்தை விற்கவோ, அன்பளிப்பாகத் தரவோ, வாரிசுகள் பங்கிடவோ கூடாது. அதனைப் பராமரிப்பவர் நியாயமான அளவு உண்ணலாமேயன்றிப் பொருள் சேர்த்தல் ஆகாது என உமர் (ரலி) அவர்கள் வரையறுத்தார்கள். வக்ஃபு அறத்தின் வேர் இதுவேயாகும்.

ஜகாத் பெறத்தக்கோர் எண்வகையினர் எனத் திருமறை (9:60) வரையறுக்கின்றது. ஜகாத் என்று தந்த பொருள் இவ்வகைகளுக்குப் புறம்பே செலவானால், கொடுத்தவரின் கடமை நிறைவேறியதா என்பதே ஐயத்திற்குரியதாகிவிடும்.

நோக்கம் புறக்கணிக்கப்பட்டால் நேர்வதென்ன? 1794-இல் மறைந்த பச்சையப்ப முதலியார் சமய, அறப்பணிகளுக்காகத் தம் உயிலில் பெருநிதி ஒதுக்கினார். பொறுப்பேற்றோர் அதனை உரியவாறு நிறைவேற்றாமையால் வழக்குகள் நீண்டன. நீதிமன்றம் தலையிட்டு நிதியை மீட்டது. அவர் குறித்த அறங்களுக்கு வழிசெய்தபின் எஞ்சிய பொருளால் 1842-இல் சென்னையில் பள்ளி தோன்றியது. அதுவே பின்னர்ப் பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது. அறம் பிழைத்தது, ஆனால், அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது!

இத்தகைய இழப்பைத் தடுப்பது கணக்கே. முத்தவல்லிகள் நீதிமன்றத்தில் கணக்களிக்க வேண்டும் என 1923-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1995-ஆம் ஆண்டு வக்ஃபு சட்டம் ஆண்டுதோறும் வாரியத்திற்குக் கணக்களிக்கப் பணித்தது. 2025-இல் திருத்தம் பெற்ற பின்னரும் அக்கடமை நீங்கவில்லை. அமெரிக்காவில் நிதி திரட்டும் அமைப்புகள் 1993-இல் தொகுத்த கொடையாளர் உரிமைகள் பத்தினுள்ளும் நோக்கம் காத்தலும் கணக்குக் காட்டலும் இடம்பெற்றுள்ளன.

இவ்வுரிமை செல்வர்க்கு மட்டும் உரியதன்று. இராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரம் ஆயத்த ஆடைத் தொழிலால் வாழும் ஊர். அங்கே தையல் இயந்திரத்தின்முன் நாள் முழுதும் அமர்ந்து ஈட்டிய கூலியிலிருந்து ஒரு தாய் எடுத்துத் தரும் பத்து ரூபாய்க்கும் இரசீது வேண்டும், கணக்கு வேண்டும். அவர் கேட்டபின் காட்டுவது கடமை. கேட்குமுன் காட்டுவதே பண்பு.

கணக்குக் கேட்பது ஐயத்தின் அடையாளமன்று, அறத்தின் காவலாகும். கொடுப்போர் செருக்கின்றிக் கொடுக்கவும், பொறுப்பேற்போர் அமானிதம் பேணவும் வல்ல இறைவன் அருள்புரிவானாக!