புத்தகம் யாருடைய பெயரில்?

யாழ்ப்பாணத்து மானிப்பாய் வீதியில் மெருகேறிய ஹொண்டா சீடி 200 மோட்டார் சைக்கிள் ஒன்று போனால் வயது வித்தியாசமின்றித் தலைகள் திரும்பும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெய் குடித்து ஓடிய தலைமுறை அது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது, கொட்டிலில் கிடந்த பழையவற்றுக்கும் மதிப்பு வந்தது. இன்று அவற்றுக்குக் குரோம் பூசி, உருண்டை லைற் பூட்டி, தூரப் பயணத்துக்குத் தயார்செய்கிறார்கள். ஆசையில் பிழையில்லை. ஆனால் கிரைண்டரை எடுக்குமுன் வண்டியின் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்.

அது யாருடைய பெயரில் இருக்கிறது? பெரும்பாலும் எப்போதோ கனடாவுக்குப் போன ஒருவரின் பெயரில். வாங்குபவரின் பெயரை நிரப்பாமல் அவர் கையொப்பமிட்ட ‘ஓப்பின் பேப்பர்’ கைமாறிக் கைமாறி வந்திருக்கும். கைமாறினால் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்கிறது 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். உடைமையை மாற்றாத வண்டிக்கு இலட்சக்கணக்கில் செலவழிப்பது அடுத்தவன் காணியில் வீடு கட்டுவது போன்றது. உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகள் ஊடாகத்தான் மாற்றலாம். உடைமை மாற்றத்தை முதலில் முடியுங்கள்.

அடுத்தது சேசிஸ் இலக்கம். துருவைச் சுரண்டி, பட்டி பூசி, பெயின்ற் அடிக்கும்போது அது மங்கிவிடும். வாசிக்க முடியாத இலக்கம் திருட்டுச் சந்தேகத்தைக் கிளப்பும். வழக்காகினால் அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வரும்வரை வண்டி பொலிஸ் நிலைய முற்றத்தில் காயும். எனவே அந்த இடத்தை மறைத்து ஒட்டிவிட்டு வேலை செய்யச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் படம் எடுங்கள். நிறத்தையோ எஞ்சினையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த வேண்டும். சண்டிலிப்பாய் பிரதேச செயலகத்தில் வருடாவருடம் எடுக்கும் வரிப்பத்திரம் அதற்கு ஈடாகாது. மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். இல்லையெனில் விபத்தின் பின் இழப்பீடு கேட்கும்போது அதையே காரணம் காட்டுவார்கள்.

பின் சேசிஸை வெட்டி ஒற்றைச் சீற் போடும் மோகம் எனக்குப் பிடிக்காது. உள்ளூர் ஓட்டத்தில் தாங்கும் வெல்டிங், பொதிகளோடு கிளிநொச்சி தாண்டும்போதுதான் தன் குணத்தைக் காட்டும். டிரம் பிரேக்கில் நிற்கும் வண்டிக்கு அந்த விளையாட்டு வேண்டாம். சைலன்சரைக் குடைந்து சத்தம் கூட்டுவதும் பழமை அல்ல. அந்த நாளைய சீடி 200 அடக்கமாகத்தான் ஓடியது.

பொலிஸார் மறித்தால் வாக்குவாதம் வேண்டாம், ஆனால் விளங்காத மொழியில் எழுதியதில் கையொப்பமிடாதீர்கள். 1988 இன் 16 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் நிர்வாக மொழி; வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்பது உங்கள் உரிமை.

கராச்சில் முற்பணம் கொடுக்கும்போது செய்யும் வேலை, பாகங்கள், விலை, முடியும் திகதி ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். மாற்று எஞ்சினுக்குப் பற்றுச்சீட்டு கட்டாயம். வேலை பிழைத்தால் முதலில் கராச்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் தட்டிக்கழித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977.