யவனர் தேறலும் முதிர்வும்

சங்கச் செய்யுட்களில் யவனர் மது பேசப்படுமிடத்து, அஃது இத்தாலிய நாட்டு உயர்தர மதுவே எனத் துணிந்துரைப்பார் உளர். அத்துணிபு சான்றுகளோடு எவ்வளவு பொருந்துமென ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரோமர் தலையாயதெனப் போற்றிய மதுக்களுள் ஒன்று பலேர்னியம். கம்பானியாப் பகுதியில் மாசிக்கோ மலையின் தென்சாரல் அதன் விளைநிலம். உச்சி, இடைச்சரிவு, அடிவாரம் என நிலத்தின் நிலைக்கேற்ப அம்மதுவைப் பகுத்து வெவ்வேறு பெயரிட்டோரும் உண்டு. இனிப்பற்றது, இனியது, மென்மையானது என மூவகை கூறுவர் பிளினி. பழச்சாற்றின் சருக்கரை முழுவதும் நொதித்தழியுமாயின் இனிப்பு நீங்கும். அவ்வாறமைந்த வெண்மது சாடியில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கையில், சிறிது சிறிதாகக் கலக்கும் காற்றினால் நிறம் செறிந்து பொன்மையுறும். அம்பர் மணியின் உயர்ந்த வகையொன்று இம்மதுவின் நிறம்பற்றிப் 'பலேர்னியம்' எனப்பட்டதென்பதும் பிளினி தரும் செய்தியே. இது பத்தாண்டின் பின்னரே பருகத்தக்கது, பதினைந்து முதல் இருபதாண்டு வரை சிறப்புடையது என்பது மருத்துவர் கேலனின் கருத்து.

இம்மது தமிழகம் வந்ததா? புறநானூற்று 56ஆம் செய்யுளில் நக்கீரர், யவனர் 'நன்கலம்' தந்த நறுந்தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் பருகுதலைப் பாடுகின்றார். கலம் என்பது மரக்கலமுமாம், பாண்டமுமாம். எவ்வாறு கொள்ளினும் மதுவின் ஊர் புலப்படவில்லை. கி.பி. முதலாம் நூற்றாண்டின் பெரிப்புளூசு என்னும் நூல், முசிறியில் இறக்குமதியான மது மிகுதியன்று என்கின்றது. 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டின் மதுச்சாடிகளைப் பின்னர் மீளாய்ந்த எலிசபெத்து வில், அவற்றுட் பல கிரேக்கத் தீவாகிய கோசினைச் சார்ந்தவை எனக் காட்டினார். கோசு மதுவோ கடல்நீர் கலந்து செய்யப்படுவது. அங்குக் கிடைத்த ஓடுகளுட் சில மேற்காசியச் சாடிகளுக்குரியவை என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. ஈழத்தில் அநுராதபுரத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, உட்புறம் நிலக்கீல் பூசிய சாடிகளும் ஈரானியத் தொடர்பையே சுட்டுகின்றன. இவை கி.பி. மூன்றாம் நூற்றாண்டு முதலான காலத்தன. எனவே யவனர் தேறலை ஒரு மலைக்கோ ஒரு நாட்டிற்கோ உரிமையாக்கல் பொருந்தாது.

முதிர்ந்த மதுவின் சுவையை யவனரிடமிருந்தே தமிழர் அறிந்தனர் என்பதும் ஏற்புடைத்தன்று. தேறல் என்னுஞ் சொல்லே தெளிவு குறித்த 'தேறு' என்னும் அடியிற் பிறந்தது. நெடிய மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலைத் திருமுருகாற்றுப்படை கூறும். புறநானூற்று 120ஆம் செய்யுளில் கபிலர், பறம்பு நாட்டார் நிலத்திற் புதைத்து முதிர்வித்த மதுவைக் கூறுமிடத்து 'பழுனிய' என்கின்றார். கனி பழுத்தலும் மது முதிர்தலும் இங்கு ஒரு சொல்லால் உணர்த்தப்படுகின்றன.

அச்செய்யுள் பாரியை இழந்தபின் அவன் நாட்டை நினைந்து இரங்குவது. மதுவை மண்ணிற் புதைப்போர், அதனை அகழ்ந்தெடுக்கும் நாளிலும் தாம் அம்மண்ணிலேயே வாழ்வோம் என நம்புவோராதல் வேண்டும். ஆதலின் கபிலர் கூறும் முதிர்ந்த தேறல் வெறும் உணவுப் பொருளன்று. அஞ்சாது வாழ்ந்த குடியொன்றின் அடையாளமாம். உரோமர் மதுவின் முதுமையில் மலையின் சிறப்பைக் கண்டனர். கபிலர் அதன்கண் இழந்த நாட்டின் அமைதியைக் கண்டார் எனலாம்.